கூட்டலில் தப்பில்லை, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும், அரங்கம் நிறைந்திருக்கும் கிரிக்கெட் அன்பர்களுக்கும் வணக்கம்.

"கிரிக்கெட் சாதனைகளில் சண்டை மூள்வதற்குப் பெரிதும் காரணம் எண்ணிக்கைப் பிழையா, வரையறைக் குழப்பமா?" இதுதான் இன்றைய தலைப்பு. வரையறைக் குழப்பமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். 1932-ல் லெய்ட்டனில் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த ஒரு ரன். 1959-ல் கராச்சியில் ஹனீஃப் முகமதுவை ஏமாற்றிய ஸ்கோர்போர்டு. 1990-ல் கிறைஸ்ட்சர்ச்சில் 77 ரன் போன ஓவர். மூன்றும் நடந்தவை, ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அதே மூன்று பேரையும் குறுக்கு விசாரணை செய்ய மட்டும் அனுமதி கேட்கிறேன்.

லெய்ட்டனில் எஸெக்ஸை எதிர்த்து யார்க்ஷயர் ஆடுகிறது. தொடக்க ஜோடி பெர்சி ஹோம்ஸ், ஹெர்பர்ட் சட்க்ளிஃப். அவர்கள் தாண்ட வேண்டிய எண் 554. அதே யார்க்ஷயரின் பிரவுனும் டன்னிக்ளிஃபும் 1898-ல் டெர்பிஷயருக்கு எதிராக எடுத்தது. போர்டில் 555 ஏறியது. சாதனை கைக்கு வந்துவிட்டது என்று சட்க்ளிஃப் உடனே மட்டையை வீசி, ஈஸ்ட்மேன் பந்தில் போல்டு ஆனார். யார்க்ஷயர் டிக்ளேர் செய்துவிட்டது. அதற்குப் பிறகு போர்டு 554 என்று மாறியது. பிறகு, ஏட்டில் ஏறாமல் விட்டுப்போன ஒரு நோ-பால் (விதி மீறி வீசிய பந்து, அதற்கு ஆடும் அணிக்கு ஒரு ரன்) கண்டுபிடிக்கப்பட்டு மறுபடி 555 ஆனது.

இந்த இடத்தில் ஸ்கோர் புத்தகத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் ஒரே ரன் பல இடங்களில் பதிவாகும். மட்டையாளர் வரிசையில் ஒருமுறை, பந்துவீச்சாளர் கட்டத்தில் ஒருமுறை, மொத்தக் கணக்கில் 1, 2, 3 என்று எண்களை அடித்துக்கொண்டே போகும் பட்டியில் ஒருமுறை. மட்டையாளர்கள் எடுத்ததையும், அவர்கள் கணக்கில் சேராத உதிரி ரன்களையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்ததையும் அவர்கள் தலையில் ஏறாத உதிரிகளையும் கூட்டினால் அதே மொத்தம் வர வேண்டும். கடையில் இரட்டைப் பதிவு போடும் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த வித்தைதான்.

சட்க்ளிஃப் 313, ஹோம்ஸ் ஆட்டமிழக்காமல் 224. கூட்டினால் 537. மொத்தம் 555 என்றால் உதிரி 18. 554 என்றால் 17. சரி, பந்துவீச்சாளர் பக்கம் போய்ச் சரிபார்க்கலாமே என்றால், அந்தக் காலத்தில் நோ-பாலும் வைடும் பந்துவீச்சாளரின் கணக்கில் ஏறாது. 1980-களில்தான் அவற்றை வீசியவர் தலையில் எழுதும் பழக்கம் வந்தது. அதனால் 1932-ல் மட்டையாளர் பக்கம் 537, பந்துவீச்சாளர் பக்கமும் 537. ஒரு நோ-பால் விட்டுப்போனால் இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தி நிற்கும். ஓட்டை உதிரிப் பெட்டியில் மட்டும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இரண்டு ஸ்கோரர்களின் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓவர் ஓவராகப் பார்ப்பது. நோ-பால் விழுந்த ஆறு பந்து ஓவரில் ஏழு குறிகள் இருக்க வேண்டும்.

அந்த நோ-பால் உண்மையிலேயே வீசப்பட்டதா என்று சந்தேகப்பட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் நடுவர் அவர்களே, கவனிக்க வேண்டியது இது: அந்தச் சண்டைக்கு ஒரு மேசை இருந்தது. அந்த மேசையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. சொல்ல வேண்டிய ஆட்கள் மைதானத்திலேயே இருந்தார்கள். விடை வந்தது. பல நாள் நடக்கும் பெரிய ஆட்டங்களான முதல்தர கிரிக்கெட்டில் தொடக்க ஜோடியின் உலகச் சாதனையாக 555 நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1976-77 பருவத்தில் கராச்சி ஒயிட்ஸின் வாஹீத் மிர்சாவும் மன்சூர் அக்தரும் 561 எடுத்து அதைத் தாண்டினார்கள்.

ஹனீஃப் வழக்கு இதைவிடச் சுலபம். போர்டில் 496 என்று இருந்தது. நாள் முடிய இரண்டு பந்து. தட்டிவிட்டு இரண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனார். பெவிலியனுக்குப் போன பிறகுதான் தன் எண் 499 என்று தெரிந்தது. போர்டு பின்தங்கிக் கிடந்தது. புத்தகம் சரியாக இருந்தது. ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு 500 போனது, அது நெஞ்சை அறுக்கும் செய்தி. ஆனால் 499 என்ற எண்ணில் என்ன சண்டை? போர்டு பார்வையாளருக்கு, புத்தகம் பதிவுக்கு. இந்த வேறுபாடு தெரிந்தவர்களுக்கு அங்கே வழக்கே இல்லை.

கிறைஸ்ட்சர்ச் ஓவரில் வெலிங்டனின் பெர்ட் வான்ஸ் வீசியது 22 பந்து. அதில் 17 நோ-பால். எதிரணியை வெற்றி ஆசை காட்டி இழுக்க வேண்டுமென்றே வீசியவை. ஸ்கோரர்கள் திணறிப் போனார்கள். அம்பயருக்கும் எண்ணிக்கை தவறி, முறையான பந்து ஐந்தோடு ஓவர் முடிந்துவிட்டது. கணக்குப் பிழைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 77 என்று வந்தது. அந்த 77-ஐ இன்று யாரும் மறுப்பதில்லை. மறுப்பது எதை? "இதையும் சாதனைப் பட்டியலில் சேர்ப்பீர்களா?" என்பதை. சோபர்ஸ் 1968-ல் ஸ்வான்ஸியிலும், ரவி சாஸ்திரி 1985-ல் பம்பாயிலும் ஆறு பந்தில் ஆறு சிக்ஸர் அடித்த 36-க்குப் பக்கத்தில், வேண்டுமென்றே வீசிய நோ-பால்களில் வந்த 77-ஐ வைக்கலாமா? அது கூட்டல் கேள்வி இல்லை. எதை ஒரே வரிசையில் நிறுத்தலாம் என்ற கேள்வி.

இதே நோய் வேக சதத்திலும் உண்டு. 1920-ல் பெர்சி ஃபெண்டர் நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக 35 நிமிடத்தில் சதம் அடித்தார். 1983-ல் லங்காஷயரின் ஸ்டீவ் ஓஷானஸியும் அதே 35 நிமிடத்தில் அடித்தார்; ஆனால் அவருக்கு எதிரணி டிக்ளரேஷனை வரவழைக்க லட்டு லட்டாகப் போட்டுக்கொடுத்தது. கடிகாரம் இரண்டு பேருக்கும் பொய் சொல்லவில்லை. பட்டியல் போடுகிறவர்கள் "ஏற்பாட்டுச் சூழலில் வந்தவை" என்று தனியாகப் பிரிக்க வேண்டி வந்தது. பிரிக்கிற கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் தகராறு.

மூன்று சாட்சிகளும் முடிந்தார்கள். இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன்.

டபிள்யூ. ஜி. கிரேஸ் முதல்தர கிரிக்கெட்டில் எத்தனை சதம் அடித்தார்? ஒரு மரபில் 126, இன்னொரு மரபில் 124. ரன் 54,896 என்பார்கள், 54,211 என்பார்கள். ஜாக் ஹாப்ஸ்? 197 சதம் என்று ஒரு புத்தகம், 199 என்று இன்னொன்று. ரன் 61,237, அல்லது 61,760. இடையில் 523 ரன் தொங்குகிறது! ஹாப்ஸ் எந்த ஸ்கோரரின் புத்தகத்தில் 523 ரன்னைத் தொலைத்தார்? எதிலும் இல்லை. ஒவ்வொரு ரன்னும் பத்திரமாக எழுதப்பட்டிருக்கிறது. 1930-31-ல் விஜயநகரம் மகாராஜ்குமாரின் அணிக்காக இந்தியா, இலங்கைப் பக்கம் அவர் ஆடிய ஆட்டங்கள் முதல்தரமா இல்லையா என்பதுதான் கேள்வி. முதல்தரம் என்றால் 199. இல்லையென்றால் 197.

"முதல்தரம்" என்ற சொல்லுக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான இலக்கணம் எப்போது வந்தது தெரியுமா? 1947-ல். மூன்று நாளோ அதற்கு மேலோ, பக்கத்துக்குப் பதினொரு பேர் என்று வரையறுத்தார்கள். கூடவே, பழைய ஆட்டங்களுக்கு இது பொருந்தாது என்றும் எழுதிவைத்தார்கள். கிரேஸ் 1915-லேயே காலமாகிவிட்டார். ஹாப்ஸ் 1934-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர்களுடைய ஆட்டங்களுக்குத் தரம் போட்டதெல்லாம் பின்னால் வந்த பட்டியல்காரர்கள். இரண்டு பட்டியல்காரர்கள், இரண்டு விடை. கூட்டலில் தப்பில்லை, நடுவர் அவர்களே. கூட்ட எடுத்துக்கொண்ட ஆட்டங்கள்தான் வேறு.

டெஸ்ட் கிரிக்கெட்டின் பிறப்புச் சான்றிதழே இப்படித்தான் வந்தது. 1877 மார்ச் 15-ம் தேதி மெல்போர்னில் சார்லஸ் பானர்மேன் களமிறங்கியபோது, தான் ஆடுவது முதல் டெஸ்ட் என்று அவருக்குத் தெரியாது. அணியின் 245-ல் அவர் மட்டும் 165 எடுத்துக் காயத்தோடு வெளியேறினார். கிளாரன்ஸ் மூடி என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் 1894-ல் ஒரு பட்டியல் போட்டார், அது நிலைத்தது, அதன் முதல் வரியில் இருந்ததால் அது முதல் டெஸ்ட். 1888-89-ல் தென்னாப்பிரிக்கா போன இங்கிலாந்து அணியின் இரண்டு ஆட்டங்களும் பின்னால்தான் டெஸ்ட் ஆயின. அந்த அணியிலிருந்த எமீல் மக்மாஸ்டர் வாழ்நாளில் ஆடியதே ஒரே ஒரு முதல்தர ஆட்டம், அது ஒரு டெஸ்ட்! கேப்டவுனில் நடந்த அதே டெஸ்டில் ஜானி பிரிக்ஸ் 28 ரன் கொடுத்து 15 விக்கெட் எடுத்தார். அந்தப் பதினைந்தில் பதினாலு போல்டு, ஒன்று எல்.பி.டபிள்யூ. எண்ணிக்கை பளிங்கு மாதிரி தெளிவு. அதை, பின்னால் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் எடுத்த 19 விக்கெட்டோடு ஒரே அட்டவணையில் வைக்கலாமா என்பதுதான் வாதம்.

பிராட்மனின் டெஸ்ட் சராசரியான 99.94-ஐ எதிரணி கேட்கலாம். 6,996 ரன், 70 முறை ஆட்டமிழப்பு. இன்னும் நாலே ரன் இருந்தால் சராசரி சரியாக 100. அந்த நாலு ரன் யார் கணக்கிலாவது தவறி விழுந்திருக்குமா என்று பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் உண்டு. எண் அசையவில்லை. கிரிக்கெட்டிலேயே அதிகம் துருவப்பட்ட எண்ணை எண்ணிக்கைப் பிழை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்து ஒரு ஜோடி வழக்கு. 1970-ல் தென்னாப்பிரிக்க அணியின் சுற்றுப்பயணம் ரத்தானதும், இங்கிலாந்தோடு மோத 'உலக அணி' ஒன்று திரட்டப்பட்டது. சோபர்ஸ் தலைவர். ஐந்து ஆட்டம். ஆடியவர்கள் அதை டெஸ்டாகவே நினைத்து ஆடினார்கள். பின்னால் அவை டெஸ்ட் இல்லை என்று ஆயிற்று. 2005 அக்டோபரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து, சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி.யின் உலக அணி ஆடியது. ஒரே ஆட்டம். அது டெஸ்ட்! ஒரு நாட்டுக்கு எதிராகப் பல நாட்டு ஆட்டக்காரர்கள் என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான். தீர்ப்பு மட்டும் தலைகீழ். கிரிக்கெட் புள்ளிவிவரக்காரர் பில் ஃபிரிண்டால் சிட்னி ஆட்டத்தை டெஸ்டாக ஏற்க மறுத்தே விட்டார்.

அந்த ஒரு ஆட்டம் எத்தனை எண்களைக் கலைத்தது பாருங்கள். கண்டியின் மைந்தர் முரளிதரனின் 800 விக்கெட்டில் 5 சிட்னியில் எடுத்தவை. இலங்கைக்காக மட்டும் என்றால் 795. திராவிட்டின் 13,288-ல் 23 ரன் அந்த ஆட்டத்துடையது, இந்தியாவுக்காக 13,265. லாராவின் 11,953-ல் 41. அடுத்த மாதமே அடிலெய்டில் 226 அடித்தபோது லாரா, ஆலன் பார்டரின் 11,174-ஐத் தாண்டி உலகிலேயே அதிக டெஸ்ட் ரன் எடுத்தவர் ஆனார். 210-ஐத் தாண்டிய பிறகே அந்தக் கட்டம் வந்தது. சிட்னியின் 41-ஐ எடுத்துவிட்டால் அந்த 226 முழுவதும் சேர்ந்தாலும் அன்று சாதனை இல்லை. மைதானத்தில் எழுந்து நின்று கைதட்டிய அத்தனை பேரும் கைதட்டியது ஒரு வரையறைக்கும் சேர்த்துத்தான்.

இதற்கு நேர்மாறாக, 2001 நவம்பரில் செஞ்சூரியனில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தியா, தென்னாப்பிரிக்கா. இரண்டு நாடுகளின் முழு அணிகள். மேட்ச் ரெஃப்ரி மைக் டென்னெஸ் பற்றிய தகராறில் அவரை விலக்கிவிட்டு ஆடினார்கள். ஐ.சி.சி. அதை டெஸ்ட் இல்லை என்றது. அதில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய கானர் வில்லியம்ஸ், டெஸ்ட் ஆடாதவராகவே பட்டியலில் நிற்கிறார். நாட்டு அணியே இல்லாத உலக அணி ஆடியது டெஸ்ட். இரண்டு நாடுகள் ஆடியது டெஸ்ட் இல்லை. இதை எந்தக் கால்குலேட்டர் தீர்க்கும்?

2006 ஓவல் ஆட்டத்தைப் பற்றி ஒரே வரி. பாகிஸ்தான் களத்துக்கு வராததால் இங்கிலாந்து வென்றதாக அம்பயர்கள் அறிவித்தார்கள், 2008-ல் ஐ.சி.சி. அதை டிரா ஆக்கியது. 2009-ல் மறுபடி இங்கிலாந்தின் வெற்றி ஆக்கியது. ஒரு ரன்னைக்கூட யாரும் திரும்ப எண்ணவில்லை.

வினாடி வினா நடத்துகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் நம் ஊர் மண்ணுக்கு வருகிறேன். 2007 ஜூன் 10, சேப்பாக்கம். ஆசிய அணி, ஆப்பிரிக்க அணி. தோனி ஆட்டமிழக்காமல் 139. ஜெயவர்தனேயுடன் ஆறாவது விக்கெட்டுக்கு 218. அது அதிகாரபூர்வ ஒருநாள் போட்டி. அந்தத் தொடரில் ஆசிய அணிக்காக அவர் எடுத்தது 174 ரன். அதனால் தோனியின் ஒருநாள் ரன் 10,773, இந்தியாவுக்காக 10,599. சதம் 10, இந்தியாவுக்காக 9. பத்தாயிரம் ரன்னை அவர் இரண்டு முறை தாண்டினார். 2018 ஜூலையில் லார்ட்ஸில் மொத்தக் கணக்கில் ஒருமுறை, 2019 ஜனவரியில் சிட்னியில் இந்தியக் கணக்கில் ஒருமுறை. "தோனி பத்தாயிரத்தை எங்கே தொட்டார்?" என்று கேட்டால், லார்ட்ஸ் என்ற பையனும் சரி, சிட்னி என்ற பெண்ணும் சரி. ஒருத்தருக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அது அநியாயம். அந்த அநியாயத்தைச் செய்தது கேள்வித்தாள்.

"அதிவேக டெஸ்ட் சதம் யாருடையது?" இதுவும் ஓட்டைக் கேள்விதான். பந்துக் கணக்கில் 2016-ல் மெக்கல்லம், 54 பந்து. நிமிடக் கணக்கில் 1921-ல் ஜாக் கிரிகோரி, 70 நிமிடம். "முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி இன்றைய போட்டியைவிடச் சின்னதா?" 1971 ஜனவரி 5, மெல்போர்ன், 40 ஓவர். ஆமாம் என்று எழுதினால் தப்பு. அன்று ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்து. 320 பந்து, இன்றைய 50 ஓவரில் 300 பந்துதான். "ஓவர்" என்ற சொல்லின் அளவே நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

ஆகவே கேள்வி தயாரிக்கிறவர்கள் மூன்று வேலியைக் கேள்விக்குள்ளேயே போடுங்கள்: எந்த வகை ஆட்டம், எந்த அணிக்காக, எந்தத் தேதி வரை. நிமிடமா பந்தா என்பதையும் சொல்லிவிடுங்கள். எந்தப் பட்டியலை ஆதாரமாகக் கொள்கிறீர்கள் என்பதைச் சுற்று தொடங்குவதற்கு முன்பே அறிவியுங்கள். விடை சொன்ன பிறகு ஆதாரம் தேடினால், வேண்டிய விடைக்கு வேண்டிய ஆதாரம் கிடைத்துவிடும். கிரேஸ், ஹாப்ஸ் மாதிரி இரண்டு எண் உள்ளவர்களைச் சமன் உடைக்கும் கடைசிக் கேள்வியில் வைக்காதீர்கள். வைத்தால் இரண்டு எண்ணையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்கோர்போர்டின் புகைப்படத்தைக் காட்டி மேல்முறையீடு செய்தால் ஏற்காதீர்கள். ஹனீஃபுக்கு அன்று போர்டு காட்டியது 496. இத்தனை எச்சரிக்கையில் ஒன்றாவது "நன்றாக எண்ணிப் பாருங்கள்" என்கிறதா? இல்லை. எல்லாமே "எதை எண்ணுகிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்கின்றன.

கடைசியாக ஒரு மனிதர். கிளாமோர்கன் அணியின் ஆலன் ஜோன்ஸ். முதல்தர கிரிக்கெட்டில் 36,049 ரன். இங்கிலாந்துக்காக அவர் இறங்கியது 1970-ல் உலக அணிக்கு எதிராக லார்ட்ஸில் ஒரே ஒரு ஆட்டம். அந்த ஆட்டம் டெஸ்ட் இல்லை என்று ஆனதும், டெஸ்ட் ஆடாதவர்களில் அதிக ரன் எடுத்தவர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 2020-ல், இங்கிலாந்து வாரியம் அவருக்கு 696 என்ற எண்ணிட்ட தொப்பியைக் கொடுத்தது. ஆட்டத்துக்கு மட்டும் டெஸ்ட் தகுதி திரும்ப வரவில்லை. தொப்பி எண் 696. ஆடிய டெஸ்ட் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத் திருத்த எதிரணி எந்த ஸ்கோர் புத்தகத்தைத் திறக்கும், நடுவர் அவர்களே? லார்ட்ஸ் புத்தகத்தில் அவர் எடுத்த 5-ம், அடுத்த இன்னிங்ஸின் 0-ம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது.